வெயில் தாத்தா வேலையிலே

இப்போதும் ஒரு புதுப் பாட்டு காதில் விழுந்தால் முதலில் எனக்குப் பயம்தான் வரும். பாட்டு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். என் மகள் இதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். அன்றைக்கு அவளுக்கு நாலு வயது. அவள் மறந்துவிட்டாள், நான் மறக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் ஃபிட்டர். நான் கொழுந்து பறிக்கப் போவேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எனக்கு ரேடியோக்காரி என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள், எனக்கு அது பெருமையாக இருந்தது. ஒரு பாட்டின் முதல் தபலாத் தட்டைக் கேட்டாலே என்ன பாட்டு, யார் பாடியது, எந்த இடத்தில் புல்லாங்குழல் நுழையும் என்று சொல்லிவிடுவேன். பக்கத்து நிரையில் நிற்கிறவள் இல்லை என்று மறுத்தால் விடமாட்டேன். இதற்காகக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சண்டை போட்டு, கங்காணியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

கோடைதான் எனக்குப் பொங்கலும் தீபாவளியும். சித்திரைக்கு வரப்போகிற படங்களின் பாட்டெல்லாம் பங்குனியிலேயே ரேடியோவில் வந்துவிடும். படம் எங்கள் மலைக்கு ஏறி வர அடுத்த கோடை ஆகும், அதுவும் அங்கங்கே அறுந்து ஒட்டிய படமாக வரும். அதனால் எங்களுக்குப் பாட்டுதான் படம். ஆனால் அதே கோடையில்தான் மலையில் இடியும் இடிக்கும். மத்தியானம் தாண்டினால் மேகம் கூடிவிடும். ஒவ்வொரு இடிக்கும் ரேடியோ கரகரவென்று காறித் துப்பும். ஒரு புதுப் பாட்டை இன்றைக்கு ஓர் அடி, நாளைக்கு ஓர் அடி என்று பொறுக்கித்தான் சேர்க்க வேண்டும். இடியைத் திட்டிக்கொண்டே சேர்ப்பேன்.

அந்த வருஷத்துப் புதுப் பாட்டுகளில் ஒன்றின் மேல் எனக்குப் பித்தே பிடித்துவிட்டது. ‘வெயில் தாழ்ந்த வேளையிலே’ என்று தொடங்கும். மெதுவான பாட்டு, கூடவே அக்கார்டியன் முனகிக்கொண்டு வரும். என் மகள் அதைத் தன் காதுக்கு எட்டியபடி ‘வெயில் தாத்தா வேலையிலே’ என்று பாடினாள். வெயிலுக்கு ஒரு தாத்தா இருக்கிறார், அவர் காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார் என்று அவளுக்கு ஒரு கணக்கு. நான் திருத்திப் பார்த்தேன். பிடிவாதத்தில் அவள் என் மகள், கேட்கவில்லை. கடைசியில் அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. நான் ‘வெயில்’ என்று இழுத்து நிறுத்துவேன். அவள் எங்கே இருந்தாலும், வாய் நிறையச் சோறு இருந்தாலும், ‘தாத்தா!’ என்று கத்துவாள். தூக்கக் கலக்கத்தில்கூடக் கத்தியிருக்கிறாள்.

என் வீட்டுக்காரருக்கு இந்தக் கூத்தெல்லாம் பாதிதான் கேட்கும். ஃபேக்டரியில் ரோலர் மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று அவர் காது மந்தமாகிவிட்டது. ரேடியோ பாடுகிறதா இரைகிறதா என்று அவருக்கு வித்தியாசம் தெரியாது. "அதுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு ஒனக்கு?" என்று கேட்பார். அப்படிக் கேட்ட மனிதர்தான் அந்த டிரான்சிஸ்டரை எனக்கு வாங்கிக் கொடுத்தவரும்.

மலையில் எல்லோருக்கும் பொதுவான பயம் ஒன்று உண்டு. காட்டானை. லயத்துக்குப் பின்னால் இருக்கிற வாழைக்கு அது வரும்போதெல்லாம் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளைகளை மடியில் அழுத்தி வைத்திருப்போம். பேசக் கூடாது, இருமக் கூடாது, யாராவது கூப்பிட்டால் ஏன் என்று கேட்கவும் கூடாது. என் மகளுக்குப் பேச்சு வந்த நாளிலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். "ஆனை வந்தா மூச்சுக் காட்டப்படாது. ஆரு கூப்பிட்டாலும் வாயத் தெறக்கப்படாது. அம்மா கூப்பிட்டாலும் தெறக்கப்படாது." அவள் அதை நன்றாகவே கற்றுக்கொண்டாள்.

என் அக்காவைப் பாலக்காட்டை அடுத்த கொல்லங்கோட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மச்சானுக்கு அரிசி மில்லில் வேலை. அந்தச் சித்திரையில் அக்கா ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள், அவர்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் பொள்ளாச்சியிலிருந்து மெல்லிசைக் குழு வருகிறதென்று. எந்தக் குழு என்று கேட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. எனக்கு உயிரான குழு அது. மற்ற குழுக்கள் அக்கார்டியன் வருகிற இடத்தில் ஆர்மோனியத்தை வைத்து ஒப்பேற்றுவார்கள். புல்லாங்குழல் இல்லையென்றால் ஒருவன் விசில் அடிப்பான். இவர்கள் அப்படியில்லை. ரெக்கார்டில் என்ன இருக்கிறதோ அது மேடையில் இருக்கும். அந்த பாங்கோ வாசிக்கிறவர் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு வாசிப்பார், பார்க்கச் சகிக்காது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ரெக்கார்டேதான். புதுப் பாட்டுகளை முதன்முதலாக ஆட்கள் வாசித்து, ஆட்கள் பாடிப் பார்க்கிற இடம் எங்களுக்கு அது ஒன்றுதான்.

அந்தப் பக்கத்தில் கோயில் திருவிழாவை ‘வேலை’ என்பார்கள். "பெரியம்மா ஊருக்கு வேலைக்குப் போறோம்" என்று நான் சொன்னதும் என் மகள் துள்ளினாள். "வெயில் தாத்தா அங்கதான இருக்காரு?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. பஸ் ஏற்றிவிட வந்தவர் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, காது மந்தமானவர்கள் பேசுகிற பெருங்குரலில், "பாட்டு கேக்கப் போ, வேணாங்கல. கூட்டத்துல புள்ள கைய மட்டும் விட்டுராத" என்றார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. எனக்குத் தெரியாதா என்று முறைத்தேன்.

உடுமலைப்பேட்டைக்கு இறங்குகிற காட்டுப் பாதையில் பஸ் நின்றது. முன்னால் ரோட்டில் ஒற்றை ஆனை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். பஸ்ஸில் ஒரு சத்தமில்லை. நான் மகளைப் பார்த்தேன். யாரும் சொல்லாமலே அவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தாள். ஆனை காட்டுக்குள் இறங்கி, பஸ் கிளம்பி, ஒரு வளைவு தாண்டிய பிறகும் கையை எடுக்கவில்லை. நான்தான் விரல்களைப் பிரித்துவிட்டேன். அப்போதே எனக்கு மனசு சரியில்லை. திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அக்கார்டியன் இழுத்தது.

அக்கா ஊரில் ஆனைகளைப் பார்த்ததும் என் மகள் பேய் அறைந்த மாதிரி ஆகிவிட்டாள். நெற்றிப்பட்டம் கட்டி வரிசையாக நிற்கின்றன. செண்டை முழங்குகிறது, வெடி வெடிக்கிறது, ஆட்கள் ஆனைக் காலுக்கு நடுவே புகுந்து போகிறார்கள். அவள் என் காதுக்குள் ரகசியமாக, "இங்க எல்லாரும் சத்தம் போடுறாகளே அம்மா" என்றாள். "இது கோயில் ஆனை, ஒண்ணும் செய்யாது" என்றேன். அவள் நம்பவில்லை. சொன்ன எனக்கும் நம்பிக்கை இல்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டவள் சாயங்காலம் வரை இறங்கவே இல்லை.

ஊர்வலம் முடிந்து ஆனைகளைக் குளத்தங்கரைப் பக்கம் கொண்டுபோனார்கள். கோயிலுக்குக் கீழே, அறுப்பு முடிந்த வயலில் கச்சேரி மேடை. பனங்கட்டைகளை ஊன்றி, மேலே பலகை பரப்பி, சுற்றிலும் சிவப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்து டியூப் லைட் போட்டபோது நான் முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தேன். மச்சான் மில்லுக்குப் போய்விட்டார். போகும்போது அவரும், "ஏம் புள்ளே, மேடைக்கிட்ட ஒரே நெரிசலா இருக்குமாட்ட. அக்கட்டால தள்ளி ஒக்காருங்க" என்று சொல்லித்தான் போனார். தள்ளி உட்கார்ந்தால் பாங்கோ சரியாகக் கேட்காது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

முதல் பாட்டு பிள்ளையாருக்கு. இரண்டாவதிலிருந்து புதுப் பாட்டு. டிரம்ஸ் அதிர்ந்ததும் என் மகள் அழ ஆரம்பித்தாள். அக்கா, "ஏட்டி, நீ கேளு. நான் இவளுக்கு வளையல் வாங்கிக் குடுத்துக் கூட்டியாரேன்" என்று அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். வளையல் கடைகள் வயலின் அந்த ஓரத்தில் இருந்தன. திரும்பிப் பார்த்தால் தெரிகிற தூரம்தான். நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அப்புறம் பார்க்கவில்லை. அவர்கள் வாசித்த வாசிப்பு அப்படி. இடியில்லாமல், கரகரப்பில்லாமல், ஒரு பாட்டு முழுசாக என் முன்னால் நிற்கிறது. ரேடியோவில் எனக்குக் கிடைக்காமல் போன அடிகளெல்லாம் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன. வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கோயில் பக்கத்து மைக்கிலிருந்து ஒரு குரல் அலறியது. தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அது. மலையாளத்தில், "ஆன இடஞ்ஞு! ஆன இடஞ்ஞு! மாறிக்கோ!" என்று கத்தியது.

எனக்கு மலையாளம் எஸ்டேட் ஆபீஸில் கேட்கிற அளவுக்குத்தான். பக்கத்தில் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வண்டி கட்டி வந்த ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். எல்லாம் தெரிந்தவர் போல என்னிடம் திரும்பி, "ஒண்ணுமில்லீங்க. ஆனை வாரதுக்கு எடைஞ்சலா இருக்குதாமுங்க. பாட்டை மாத்தச் சொல்றாங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. இடைஞ்சல், மாற்று. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? முன்னால் இருந்த தமிழ்க் கூட்டம் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தது. யாரோ, "ஆனைக்கு டிரம்ஸ் புடிக்கலீங்களாட்ட" என்று சொல்ல, சிரிப்பு வேறு.

மேடையில் இருந்தவர்களும் பொள்ளாச்சிக்காரர்கள்தானே. அவர்களுக்கும் அதேதான் புரிந்திருக்கிறது. டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்தார். பாடகர் சிரித்துக்கொண்டே மைக்கைப் பிடித்து, ஆனைக்காக ஒரு மெதுவான பாட்டு என்று சொன்னார். அக்கார்டியன் மூச்சு வாங்கியது. ‘வெயில் தாழ்ந்த வேளையிலே’ என்று தொடங்கினார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நம்ம பாட்டு என்று மகளிடம் சொல்லத் திரும்பினேன். அப்போதுதான் பின்னால் வயல் காலியாக இருப்பது தெரிந்தது. மலையாளம் தெரிந்தவர்கள் எல்லோரும் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடிப் போயிருந்தார்கள். இடஞ்ஞு என்றால் இடைஞ்சல் இல்லை. ஆனை முரண்டு பிடித்துவிட்டது, பாகனுக்கு அடங்காமல் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். மாறிக்கோ என்றால் விலகி ஓடு. எனக்கு அது அந்த நிமிஷத்தில் யாரும் சொல்லாமலே புரிந்தது, ஏனென்றால் சங்கிலி தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது.

வளையல் கடைகளைச் சாய்த்துக்கொண்டு அது வயலுக்குள் இறங்கியது. நெற்றிப்பட்டம் ஒரு பக்கமாகச் சரிந்து, டியூப் லைட்டில் மின்னிக்கொண்டு தொங்கியது. அதைத்தான் முதலில் பார்த்தேன். ஆனையைப் பார்க்கவே இல்லை, அந்த மினுக்கலைத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் ஒன்றாக எழுந்து ஓடியது. பாடகர் ஒரே தாவலில் மேடைக்குப் பின்னால் குதித்தார். பாங்கோக்காரர் பாங்கோவை விட்டுவிட்டு ஓடினார். நான் மட்டும் எதிர்ப்பக்கமாக, கடைகளை நோக்கி ஓடினேன். யார் யாரோ என்னை இடித்துத் தள்ளினார்கள்.

பாதி வழியில் அக்கா வந்தாள். தனியாக வந்தாள். "புள்ள எங்கடி?" என்று என்னைக் கேட்டாள்.

"நீதானக்கா வச்சிருந்த!"

"மைக்குல கத்துனதும் இவள இழுத்துக்கிட்டு ஓடத்தான்டி பாத்தேன். ஒம் பாட்டு கேட்டதும் கையை உதறிட்டு ஒங்கிட்டதான்டி ஓடியாந்தா. நம்ம பாட்டு, நம்ம பாட்டுன்னு ஓடுனா. நான் தொரத்துறதுக்குள்ள ஆனை குறுக்க வந்துருச்சு."

அப்படி ஒரு பயம் மனுஷருக்கு வரக் கூடாது. அந்தப் பாட்டை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பாட்டுதான் அவளை அக்கா கையிலிருந்து பிடுங்கி ஆனைக்கு முன்னால் கொண்டுபோய் விட்டது. இது ஒன்றுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனை வயலின் அந்தக் கோடியில், பனைகளுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. மண்ணை வாரித் தன் முதுகில் போட்டுக்கொண்டிருந்தது. பாகன் தூரத்தில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தான். நடுவில் மேடை, கவிழ்ந்த பெஞ்சுகள், செருப்புகள். நான் "கண்ணு! கண்ணு!" என்று கூப்பிட்டேன். வரப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து யார் யார் வீட்டுக் கண்ணுகளோ தலையைத் தூக்கிப் பார்த்து அழுதன. என் கண்ணு இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. ஒரு கோயில் கமிட்டிக்காரர் வரப்பில் படுத்துக்கொண்டே, "மிண்டல்லே! மிண்டல்லே!" என்று கையை ஆட்டினார். பேசாதே என்கிறார். அது எனக்குப் புரிந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. அம்மா கூப்பிட்டாலும் வாயைத் திறக்காதே என்று சொல்லிக் கொடுத்தவள் நான்தானே. அவள் உயிரோடு இருந்தால் திறக்கமாட்டாள். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் திறக்கமாட்டாள். அப்படியானால் அவள் இருக்கிறாளா இல்லையா என்பதே எனக்குத் தெரியப்போவதில்லை. ஆனை அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது, அவள் எந்தப் பக்கம் கிடக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

மேடையில் மைக் உயிரோடு இருந்தது. விடாமல் ஊம் என்று இரைந்துகொண்டிருந்தது. நான் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. மைக் செட்காரர் மேஜைக்குக் கீழே ஒடுங்கி இருந்தார். என்னைப் பார்த்ததும், "அக்கா, வேண்டாமுங்க. சத்தம் கேட்டா இக்கட்டால திரும்பீருமுங்க" என்று கிசுகிசுத்தார். அவர் சொன்னது சரிதான். எனக்கும் அந்தப் பயம்தான். நான் பாடினால் ஆனை மேடைக்கு வரலாம். அல்லது அவள் பதில் சொல்ல, அந்தச் சத்தத்துக்கு ஆனை போகலாம். என் கை மைக்கில் இருக்கிறது, வாய் திறக்கவில்லை. ஊரில் உள்ள அத்தனை சாமியையும் கூப்பிட்டேன்.

பிறகு பாடினேன். அதைப் பாட்டு என்று சொல்ல முடியாது. ‘வெயில்’ என்று இழுத்தேன். ஆட்டுக்குட்டி கத்தின மாதிரி வந்தது என் குரல். அது குழாய்களில் ஏறி வயல் முழுக்கக் கேட்டது. நிறுத்தினேன்.

ஆனை மண் வாரிப் போடுவதை நிறுத்தியது. காது இரண்டும் அசையாமல் நின்றன.

பதில் இல்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதால் பாட முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இன்னொரு தடவை, வீட்டில் சோறு ஊட்டும்போது இழுப்பேனே, அதே மாதிரி மெதுவாக, "வெ...யில்" என்றேன்.

என் காலுக்குக் கீழேயிருந்து, பலகைக்கு அடியிலிருந்து, "தாத்தா" என்று வந்தது. கத்தல் இல்லை. எலி கீச்சிட்ட அளவுதான்.

மேடையிலிருந்து குதித்துச் சிவப்புத் துணியைத் தூக்கினேன். இரண்டு பனங்கட்டைகளுக்கு நடுவில் குப்புறப் படுத்திருந்தாள். தன் கவுனின் நுனியைச் சுருட்டி வாயில் அடைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல மட்டும் அதை எடுத்துவிட்டு, திரும்பவும் அடைத்துக்கொண்டிருக்கிறாள். கவுன் நனைந்து போயிருந்தது. அவளை இழுத்து மார்போடு அணைத்ததும் வாயிலிருந்த துணியைத் துப்பிவிட்டு என் காதில் சொன்னாள், "அம்மா, நான் சத்தம் போட்டுட்டேன்."

ஏச்சு விழுமோ என்று பயந்து சொன்னாள். ஆனையைவிட அதற்குத்தான் பயம் அவளுக்கு. நான் அவள் வாயைப் பொத்திக்கொண்டு வரப்புப் பக்கம் ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனையை அதற்குப் பிறகு எப்படியோ சமாதானப்படுத்திப் பனையிலேயே கட்டிவிட்டார்களாம். கடைகள்தான் போயின, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மறுநாள் மச்சான் வந்து சொன்னார். எனக்கு அது காதில் ஏறவே இல்லை. காய்ச்சலில் கிடந்தேன்.

எஸ்டேட்டுக்குத் திரும்பி வந்ததும் நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் அப்பா மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, அவருக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள், "அப்பா, ஆனை வந்துச்சு. நான் பயந்து ஒளிஞ்சுகிட்டேன். அம்மா மேடையில ஏறிப் பாட்டுப் பாடுச்சு."

அவர் சிரித்தார். பிள்ளை கதை விடுகிறாள் என்று நினைத்து என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்காத இடத்தில் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். முடிந்ததும் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். டிரான்சிஸ்டரைத் தூக்கி உடைப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் அதை எடுத்துத் தூசி தட்டி, இருந்த இடத்திலேயே வைத்தார். அந்தக் கோடை முழுக்க நான்தான் அதைத் தொடவில்லை.

அடுத்த பங்குனியில் புதுப் பாட்டுகள் வரத் தொடங்கின. அந்தக் குழு மறுபடியும் அக்கா ஊருக்கு வருகிறது என்று தெரிந்தது. நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவர்தான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "லீவு சொல்லிட்டேன். நானும் வாரேன்" என்றார். வேண்டாம் என்றேன். "நீ பாட்டு கேளு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார்.

அதே வயல், அதே சிவப்புத் துணி. முதல் வரிசையில் எனக்கு அவரே இடம் பிடித்தார். எல்லோரும் மேடையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அவர் மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டி, கோயிலையும் குளத்தங்கரையையும் பார்த்தபடி உட்கார்ந்தார். மகளை மடியில் வைத்து இரண்டு கையாலும் கோத்துக்கொண்டார். பின்னால் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். "ஏனுங்க, கச்சேரி இந்தப் பக்கமுங்க" என்று ஒருவர் தோளைத் தட்டிக்கூடச் சொன்னார். அவர் திரும்பவில்லை. ஆனை வந்தால் அவருக்குச் சங்கிலிச் சத்தம் கேட்காது. மைக்கில் யார் எந்த பாஷையில் கத்தினாலும் கேட்காது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

கச்சேரி முடிகிற வரை அவர் அப்படியே இருந்தார். கண்ணைச் சிமிட்டினாரா என்பதே சந்தேகம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஏதாவது மாறுகிறதா, புருவம் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கோடையில் என் குழு என்னென்ன புதுப் பாட்டு வாசித்தது என்று எனக்கு இன்று வரை தெரியாது.